நெல்லைக்காரர் ஜெர்மனியில் பலசரக்கு வாங்கும் கணக்கு

வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஜெர்மனி கிளம்பும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும்போது நம்மூர் வீடுகளில் ஒரு சண்டை நடக்காமல் இருக்காது. அரிசி ஐந்து கிலோ, துவரம் பருப்பு இரண்டு கிலோ, ஆச்சி கொடுத்த நெய் ஒரு பாட்டில், கறிவேப்பிலை ஒரு கட்டு, இவை முதலில் உள்ளே போகும். குழம்புப் பொடி கடைசியில் இடமில்லாமல் கால் கிலோவாகச் சுருங்கிப் போகும். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். அரிசியும் பருப்பும் அங்கே கிடைக்கும். நெய்யும் கறிவேப்பிலையும் விமான நிலையத்திலேயே போய்விடும். பொடி தீர்ந்தால்தான் திண்டாட்டம்.

முதலில் எதை வைக்கக் கூடாது என்பதைப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளும் இறைச்சிப் பொருளும் கொண்டுவர அனுமதி இல்லை. கொஞ்சம், நிறைய என்ற பேச்சே கிடையாது. நெய், வெண்ணெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடக்கம். மீனுக்கு இந்தத் தடை இல்லை. கருவாடும் மாசியும் (காயவைத்த சூரை மீன்) ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம். வாடை வெளியே வராமல் கட்டுவது உங்கள் சாமர்த்தியம். தேன் 2 கிலோ வரை சரி.

2019 டிசம்பர் முதல் பச்சைக் காய், பழம், இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்கீரையும் வேண்டாம். தேங்காய்க்கு ஐரோப்பாவில் தடை இல்லை என்பதற்காகக் கொப்பரையை வைத்துவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானச் சட்டத்தில் இருக்கிறது. ஏறும் இடத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

கசகசா விஷயம் இன்னும் கடுமை. நம் பக்கத்து ஆட்கள் பலர் திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடாவில் விமானம் மாறிப் போகிறார்கள். அமீரகம், சவூதி போன்ற இடங்களில் கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வரும் சரக்கு. நூறு கிராம் குருமாவுக்காக வைத்தது என்று சொல்லித் தப்ப முடியாது. இத்தனைக்கும் ஜெர்மனியில் கசகசா கேக்கிலும் ரொட்டியிலும் தாராளமாகப் போடுகிற பொருள். சூப்பர் மார்க்கெட்டில் 'மோன்' என்று கேட்டால் கருநீல நிறத்தில் கிடைக்கும், வெள்ளை வேண்டுமானால் இந்தியக் கடையில் இருக்கும்.

இனி வைக்க வேண்டியவை. குழம்புப் பொடிக்குக் கணக்கு எளிது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு ஐந்து குழம்பு, ஒரு குழம்புக்கு 15 கிராம் பொடி என்று வைத்தால் வாரம் 75 கிராம். ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ. மிளகாய் வத்தல், மல்லியை நன்றாகக் காயவைத்து, மில்லில் திரித்த பொடியைப் பேப்பரில் பரப்பிச் சூடு முழுக்க ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து இரண்டு மாதத்தில் கட்டிதட்டி மக்கல் வாடை வந்துவிடும். இரண்டு கிலோவையும் ஒரே பையில் போடாமல் 250 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து, ஒன்றை வெளியில் வைத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் போட்டால் கடைசிப் பொட்டலம் வரை மணம் இருக்கும்.

கருப்பட்டிக்கு மாற்றே கிடையாது. 'ஃபோல்ரோர்சுக்கர்' என்ற பழுப்புக் கரும்புச் சர்க்கரை வெல்லத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரும், கருப்பட்டிக்கு அதுவும் ஆகாது. ஆனால் தினம் காப்பிக்குப் போட ஆரம்பித்தால் இரண்டு பேருக்கு நாளுக்கு 40 கிராம், ஆறு மாதத்துக்கு ஏழு கிலோவைத் தாண்டும். அவ்வளவு எடை பெட்டி தாங்காது. ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கும் உளுந்தங்களிக்கும் என்று வைத்து 2 கிலோவோடு நிறுத்துங்கள். உடன்குடிப் பக்கத்துச் சரக்கு என்று சொன்னாலும் உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும். உள்பக்கம் மங்கலாக இருந்தால் நல்லது. சீனிப்பாகு கலந்தது உடைத்த இடத்தில் மினுமினுக்கும்.

மணத்தக்காளி, சுண்டை, மிதுக்கு, சீனியவரை வத்தல்கள் எடை இல்லாதவை. எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ போதும். காப்பிப்பொடி சிக்கரி கலந்ததாக ஒரு கிலோ. ஜெர்மன் காப்பித்தூளில் சிக்கரி கிடையாது, அரைப்பும் பருமன்; நம் ஃபில்டரில் போட்டால் தண்ணீர் கடகடவென்று இறங்கி டிகாஷன் வெளுத்துப் போகும். கட்டிப் பெருங்காயம் ஒரு டப்பா, இட்லி மிளகாய்ப்பொடி அரைக்கிலோ. இவற்றைப் பாளையங்கோட்டை மார்க்கெட்டிலோ நெல்லை டவுன் ரத வீதிகளிலோ கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வாங்கினால் போதும். மொத்தம் ஏழு கிலோவுக்குள் அடங்கிவிடும். மிச்ச எடைக்கு மிக்ஸியைக் கொண்டுபோகலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான், பிளக்குக்கு ஒரு அடாப்டர் மட்டும் வேண்டும்.

போய் இறங்கும் நாள் சனிக்கிழமை மாலையாக இருந்தால் முதல் வேலை கடைக்குப் போவதுதான். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் ஜெர்மனியில் கடைகள் திறக்காது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை, பெட்ரோல் பங்க் போன்ற சில இடங்கள்தான் விதிவிலக்கு, விலை கூடுதல். பவேரியாவில் மற்ற நாளிலும் இரவு 8 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, திங்கள், மூன்றும் மூடல். நடுவில் சனி ஒருநாள் திறந்து ஊர் முழுக்க அங்கே நிற்கும். டிசம்பர் 24 மதியத்தோடு மூடினால் 27 வரை பார்க்க வேண்டியதில்லை. அந்த 27 ஞாயிறாக அமைந்தால் இன்னும் ஒருநாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி. தேடாதீர்கள், அங்கே அந்த வழக்கமே இல்லை. அலமாரி விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரிய எழுத்தில் பாக்கெட் விலையும், கீழே பொடி எழுத்தில் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதும் இருக்கும். பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தை. 450 கிராம், 750 கிராம் என்று விதவிதமான அளவில் வரும் பாக்கெட்டுகளை ஒப்பிட வேறு வழி இல்லை. ஒரே சூப்பர் மார்க்கெட்டில் 'உலக உணவு' அலமாரியில் 400 கிராம் டப்பாவில் விற்கும் கொண்டைக்கடலை, இரண்டு அலமாரி தள்ளி அரைக்கிலோ பையில் காய்ந்த சரக்காகப் பாதி விலைக்குக்கூட இருக்கும்.

ஆல்டி, லிடில் கடைகளில் காய்கறியைக் கல்லாவில் எடை போடுவார்கள். வேறு சில கடைகளில் நாமே தராசில் வைத்து, காயின் எண்ணை அழுத்தி, சீட்டை ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ஒட்டாமல் போனால் பின்னால் பத்துப் பேர் நிற்க, திரும்பவும் காய் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டியதுதான். கல்லாவில் இருப்பவர் மின்னல் வேகத்தில் தள்ளுவார். அங்கேயே பைக்குள் அடுக்க முயல வேண்டாம். எல்லாவற்றையும் வண்டிக்குள் திரும்பத் தள்ளி, பணம் கொடுத்துவிட்டு, சுவரோரம் இருக்கும் பலகையில் வைத்து நிதானமாக அடுக்கலாம். பையை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். வண்டி எடுக்க 1 யூரோ நாணயம் ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான டப்பா வாங்கினால் ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். மறுபடி நிரப்பும் பாட்டிலுக்கு 8 அல்லது 15 சென்ட். 2024 தொடக்கம் முதல் பால் வரும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் உண்டு. காலியானதைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். நம்மூர்ப் பழக்கத்தில் பாட்டிலை நசுக்கிப் போட்டால் இயந்திரம் கோடுகளைப் படிக்க முடியாமல் துப்பிவிடும்.

இப்போது சரக்குக்கு வருவோம். நம் பெயர் எழுதிய பாக்கெட்டைத் தேடி அலைவதைவிட, அந்தப் பொருள் அடுப்பில் என்ன வேலை செய்கிறது என்று யோசித்தால் பாதிச் சாமான் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே முடிந்துவிடும். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதை வாங்கினால்தான் ஏமாற்றம்.

'பெலூகா லின்சன்' என்று கறுப்பாக, உருண்டையாக ஒன்று இருக்கிறது. தொலி உளுந்து என்று நினைத்து இதை வாங்கி உளுந்தம்பருப்புச் சோறு வடித்தவர்கள் உண்டு. அது ஒருவகைக் கறுப்பு மைசூர்ப் பருப்பு இனம். உளுந்துக்கு இருக்கும் வழுவழுப்பு அதில் துளியும் கிடையாது. சோறு தனி, பருப்பு தனியாக உதிரும். தேங்காயும் பூண்டும் வெந்தயமும் போட்டும் வீண். உளுந்து இந்தியக் கடையில்தான் வாங்க வேண்டும். அங்கேயும் பொதிந்த தேதியைப் பாருங்கள். பழைய உளுந்து ஆட்டும்போது பொங்காது.

மஞ்சளாக இருக்கும் 'ஷேல் எர்ப்சன்' காய்ந்த பட்டாணிப் பருப்பு. துவரம் பருப்பென்று சாம்பாரில் போட்டால் பட்டாணி வாடை தூக்கும். அதற்குப் பதிலாக எல்லாக் கடையிலும் கிடைக்கும் சிவப்பு 'ரோட்டே லின்சன்' எவ்வளவோ மேல். நம் மைசூர்ப் பருப்பேதான். ஊறவைக்காமல் 15 நிமிடத்தில் குழையும், குக்கரே வேண்டாம். இடிசாம்பாருக்கு மட்டும் துவரையைத் தேடிப் போங்கள்.

மாவில் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 'டைப் 405' என்றால் மைதா. 550 அதைவிடச் சற்றுத் தவிடு கூடியது, பரோட்டாவுக்கு நன்றாக இழுபடும். 1050இல் தவிடு தெரியும். சப்பாத்திக்கு இந்தியக் கடை ஆட்டா மாவு இல்லாதபோது 1050ஐயும் 550ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் ஒப்பேற்றலாம். ரவைக்கு 'வைஷ்வைட்சன்கிரீஸ்' நம் வெள்ளை ரவை. 'ஹார்ட்வைட்சன்கிரீஸ்' மஞ்சள் நிறம், வேறு கோதுமை. உப்புமா உதிரியாக வரும், கேசரிக்கு அவ்வளவு பொருந்தாது. துருக்கிக் கடையின் பல்கர் ஏற்கெனவே புழுக்கி உடைத்த கோதுமை, கோதுமை ரவை உப்புமாவுக்குத் தண்ணீரைக் குறைத்துப் போட வேண்டும்.

அரிசியில் 'மில்ஷ்ரைஸ்' என்பது குட்டையான, பசைப்பிடிப்புள்ள பச்சரிசி. சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் பாயசமும் அதில் அருமையாக வரும். இட்லிக்குப் போட்டால் பசையாக ஒட்டும். நீளப் புழுங்கலரிசியில் தோசை சுடலாம், இட்லி கொஞ்சம் முரடாக வரும். அம்பாசமுத்திரம் அரிசி ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 போன்ற குண்டு அரிசி சாப்பிட்டுப் பழகிய வாய்க்கு, இந்தியக் கடையில் 'இட்லி ரைஸ்' என்று போட்ட பையே சரிப்படும்.

சீனி வாங்கும்போது 'கெலீர்சுக்கர்' என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். ஜாம் காய்ச்சுவதற்காகப் பெக்டினும் புளிப்பும் சேர்த்த சர்க்கரை அது. பாயசத்தில் போட்டால் பால் திரிந்து கூழாகும்.

மிளகாய்ப் பொடி என்று 'பாப்ரிகா எடெல்ஸூஸ்' வாங்கினால் நிறம் வரும், உறைப்பு சுத்தமாக இருக்காது. நல்லெண்ணெயிலும் இதே கதை. சூப்பர் மார்க்கெட்டின் ஆசிய அலமாரியில் இருக்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, கறுப்பு கலந்த நிறம், சீனச் சமையல் வாடை. இட்லிப் பொடியில் அதை ஊற்றினால் தட்டையே தள்ளிவிடத் தோன்றும். வறுக்காத எள்ளில் எடுத்தது இயற்கை அங்காடிகளில் கிடைக்கும், ஆனால் மணம் மெலிசு. இந்தியக் கடையில் நல்லெண்ணெய் என்றே கேட்டு வாங்குவது உத்தமம். தேங்காயெண்ணெயில் 'நாட்டீவ்' என்று இருந்தால் மணம் உண்டு. 'கோகோஸ்ஃபெட்' என்பது மணம் நீக்கியது, பொரிக்க மட்டும் ஆகும்.

பால் பொருளில்தான் ஜெர்மனி நம்மைவிட வசதி. நெய்யைப் பெட்டியில் வைக்க முடியவில்லை என்று வருத்தப்படவே வேண்டாம். வெண்ணெய் 250 கிராம் கட்டியாக வரும், கொழுப்பு குறைந்தது 82 சதவீதம். மூன்று வகை உண்டு: இனிப்புக் கிரீமில் எடுத்த 'ஸூஸ்ராம்', புளித்த கிரீமில் எடுத்த 'ஸௌவர்ராம்', இடைப்பட்ட 'மில்ட்கெஸௌவர்ட்'. நம் வீடுகளில் தயிரைக் கடைந்து எடுக்கும் வெண்ணெய்க்கு உறவு இரண்டாவது. அதில் உருக்கினால்தான் ஊர் நெய்யின் மணம் வரும். உப்புப் போட்ட கட்டியைத் தவிருங்கள். நான்கு கட்டியைக் கனமான பாத்திரத்தில் சிறுதீயில் வைத்தால் முதலில் நுரைத்துச் சடசடக்கும். சத்தம் அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும்போது முருங்கைக்கீரை இருந்தால் ஒரு இணுக்கு போட்டு இறக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 800 கிராம் நெய் எடுக்கலாம்.

உருக்கச் சோம்பலாக இருந்தால் 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று தயார் நெய் உண்டு, மணம் குறைவு. இங்கேதான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வெறும் 'ஷ்மால்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவாக உட்கார்ந்திருக்கும்.

தயிருக்கு 3.5 சதவீதக் கொழுப்புள்ள வெறும் தயிர் வாங்கினால் சோற்றுக்கும் ஆகும், உறைக்கும் ஆகும். 'மில்ட்' என்று போட்டிருந்தால் அது புளிக்காத வகை நுண்ணுயிரால் உறைந்தது. மோர்க்குழம்புக்காக இரண்டு நாள் வெளியில் வைத்துக் காத்திருந்தாலும் நாம் எதிர்பார்க்கும் புளிப்பு எளிதில் வராது. வெட்டி எடுக்கும் பதம் வேண்டுமானால் 'ஷ்டிஷ்ஃபெஸ்ட்' என்று எழுதியதை எடுங்கள். மோருக்கு 'ரைனே புட்டர்மில்ஷ்' போதும், பெருங்காயம், இஞ்சி, உப்பு சேர்த்தால் வேலை முடிந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பொருள் பட்டியலை வரிக்கு வரி படித்துத்தான் ஆக வேண்டும். கோதுமை, பால், எள் போல ஒவ்வாமை தருகிறவற்றைத் தடித்த எழுத்து போலத் தனித்துத் தெரியும்படி போடச் சட்டம் இருக்கிறது. ஜெலட்டின் அந்தக் கணக்கில் வராது. ஆகவே பழம் கலந்த தயிரிலும் மிட்டாயிலும் அது சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். பாலாடைக்கட்டியில் 'லாப்' என்றால் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை. பர்மேசானில் அது கட்டாயம் உண்டு. சிவப்புச் சாயமாக 'கார்மின்' என்று வந்தால் பூச்சியிலிருந்து எடுத்தது. மேலப்பாளையம் பக்கத்து முஸ்லிம்கள் கவனிக்க வேண்டியது வேறு. 'ஹாக்ஃப்ளைஷ் கெமிஷ்ட்' என்ற கொத்துக்கறியில் பன்றியும் மாடும் கலந்திருக்கும். துருக்கிக் கசாப்புக் கடையில் 'ஹெலால்' பலகை பார்த்து வாங்குவதே நிம்மதி.

தேதியிலும் இரண்டு வகை. 'மின்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்றால் அதுவரை தரம் குறையாது என்று உத்தரவாதம், தாண்டினாலும் முகர்ந்து, ருசித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். 'ட்ஸு ஃபெர்ப்ரௌகன் பிஸ்' என்றால் அந்த நாளோடு சரி. பச்சை மீனிலும் கொத்துக்கறியிலும் இதுதான் இருக்கும், விளையாடக் கூடாது.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காததற்கு மூன்று கடைகள். துருக்கிக் கடையில் கொத்தமல்லி, புதினா, வெண்டை, சின்னக் கத்தரி, முழு அயிலை மீன் எல்லாம் உண்டு. கொத்தமல்லிக் கட்டை ஒரு இலை கிள்ளி முகராமல் வாங்காதீர்கள். பக்கத்திலேயே தட்டை இலைப் பார்ஸ்லி அச்சு அசலாக அதே தோற்றத்தில் நிற்கும், ரசத்தில் போட்டால் புல் வாடை. அங்கே நீளமாகப் பச்சையாக இருக்கும் 'சிவ்ரி' மிளகாய் பெரும்பாலும் அதிகம் உறைக்காது, பஜ்ஜிக்குச் சரி. உறைப்புக்குத் தாய்லாந்துச் சின்ன மிளகாய்தான், நம் அளவில் பாதி போதும். மீன்குழம்புக்குச் சூப்பர் மார்க்கெட்டின் உறைந்த 'ஸேலாக்ஸ்' துண்டுகள் வேண்டாம்; கரண்டி பட்டாலே நார்நாராகப் போகும். முழு அயிலை அல்லது 'ரோட்பார்ஷ்' தாங்கும். அயிலையில் புகைபோட்டதும் கிடைக்கும், அது நேராக ரொட்டியோடு தின்கிற சரக்கு.

ஆப்பிரிக்கக் கடை நம்மவர் எட்டிப் பார்க்காத இடம். கூட்டாஞ்சோற்றுக்கு வாழைக்காய் அங்கேதான். பச்சைத் தோலோடு இறுகி இருப்பதை எடுங்கள், மஞ்சள் விழுந்தது இனிக்கும். மரவள்ளி போன்ற கிழங்குகளும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் ஈழத்தமிழர் கடை. 1980களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஜெர்மனியின் பெரிய ஊர்களில் எல்லாம் கடை போட்டிருக்கிறார்கள், மேற்குப் பக்கத்தில் நிறைய. ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில்கூட அவர்கள் எழுப்பியதுதான். உறைந்த துருவல் தேங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை, மாசி, இடியப்ப மா, சம்பா, நாடு அரிசி வகைகள் என்று நமக்குத் தேவையானவை முக்கால்வாசி அங்கே இருக்கும். "அக்கா, மிளகா வத்தல் இருக்கா?" என்றால் ஒரு நொடி யோசிப்பார்கள், "செத்தல் மிளகாய்" என்றால் உடனே கை போகும். அதுபோல நம் சோம்பு அவர்களுக்குப் பெருஞ்சீரகம், நம் சீரகம் நற்சீரகம். அவர்களுடைய கறித்தூள் கறுக்க வறுத்துத் திரித்தது. இறைச்சிக்குப் பிரமாதம், சாம்பாருக்குப் போட்டால் சாம்பார் இல்லாமல் வேறு ஏதோ ஆகிவிடும்.

கறிவேப்பிலை விலை அதிர்ச்சியாக இருக்கும். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலை, வெண்டைக்காய் மீது பூச்சிமருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கூடுதல் சோதனை வைத்திருக்கிறது. வரத்து குறைவு, விலை கூடுதல். கிடைக்கும்போது நாலு கட்டு வாங்கி, கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் தாங்கும். தாளிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் போட வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று. வெளியே வைத்து இளக விட்டால் கறுத்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதியை அங்கே வைக்க முடியுமா என்றால், கச்சிதமாக முடியும். சூட்சுமம் முழுக்கத் தேங்காய்ப்பால் டப்பாவைத் தேர்ந்தெடுப்பதில். 400 மில்லி டப்பாவின் பின்பக்கத்தில் தேங்காய், தண்ணீர் என்ற இரண்டு மட்டும் இருக்க வேண்டும், கொழுப்பு 17 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். குவார் பிசின், குழம்பாக்கி என்று ஏதாவது சேர்த்திருந்தால் பால் பிரியாது. 'லைட்' என்பது தண்ணீர் கூடியது. பால் வரிசையில் இருக்கும் 'கோகோஸ்டிரிங்' குடிக்கும் பானம். மதுக்கலவைக்கான தேங்காய்க் கிரீமில் சர்க்கரை இருக்கும். 'கோகோஸ்ராஸ்பெல்' காய்ந்த துருவல், பொரியலுக்கு வெந்நீரில் ஊறவைத்துத் தூவலாம், பால் எடுக்க ஆகாது. முழுத் தேங்காய் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் ஆட்டிப் பார்த்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டும், கண்கள் காய்ந்திருந்தும்தான் எடுக்க வேண்டும், பாதிக்காய் உள்ளே அழுகலாக இருக்கும்.

நாலு பேருக்கு இரண்டு டப்பா. குலுக்காமல் ஃப்ரிட்ஜில் இரண்டு மணிநேரம் வைத்துத் திறந்தால் மேலே கெட்டியாகத் திரண்டிருப்பது முதல் பால், கீழே இருப்பது இரண்டாம் பால். இரண்டாம் பாலில் 100 மில்லியை 300 மில்லி தண்ணீரோடு கலந்தால் மூன்றாம் பால். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, உறைந்த முருங்கைக்காய் எல்லாம் சேர்த்து அரைக்கிலோ, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மூன்றாம் பாலில் வேக வேண்டும். அங்கே 'ஷலோட்டன்' என்று கிடைக்கும் வெங்காயம் நம்முடையதைவிடப் பெரிது, இனிப்பும் கூட. அதையே நாலாக வெட்டிப் போடலாம். பல்லாரி (பெரிய வெங்காயம்) வேண்டாம்.

வேகவைத்த 50 கிராம் சிறுபருப்பை மசித்து, இரண்டு அங்குல இஞ்சியோடு மிளகாய் அரைத்த விழுதையும் மீதி இரண்டாம் பாலையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். தாய்லாந்து மிளகாயானால் மூன்றோடு நிறுத்துங்கள். பிறகு தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் முத்து முத்தாக நுரை கட்டியதும் அடுப்பை விட்டு இறக்கிவிட வேண்டும். அங்குள்ள கண்ணாடி மின்னடுப்பு அணைத்த பிறகும் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். அதன் மேலேயே விட்டால் பால் தொடர்ந்து கொதித்துத் திரியும். ஐந்து நிமிடம் ஆறியதும் ஒன்றரை எலுமிச்சைச் சாறு. தேங்காயெண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சொதி தயார்.

தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலுக்கான இஞ்சி எந்தக் கடையிலும் கிடைக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கும்போது 'கெஸால்ட்ஸன்' என்று எழுதியதை எடுங்கள், அது வெறும் உப்புப் போட்டது. அந்த நாட்டில் சிப்ஸ் என்றால் பாப்ரிகா தூவியதுதான் முன்வரிசையில் இருக்கும், சொதிக்கு அது சேராது.